‘வரும்’: கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் எதிர்காலம் – ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து மயிலத்துக்குத் திரும்பும் கூட்டேரிப்பட்டு கூட்ரோடு.
ஆய்வுக் காலம்: பஸ் வரும் வரை.

1. முன்னோர் ஆய்வு

எதிர்காலத்துக்கு ப், வ் என்று இரண்டே இடைநிலை சொல்லி நன்னூலில் முடித்துக்கொண்டார் பவணந்தியார். அந்த இரண்டு எழுத்துக்கு இருநூறு பக்கம் எழுதுவது பின்னோர் மரபு.

2. தன்மை

நிற்பேன் = நில் + ப் + ஏன். விகுதியே கேள்வி கேட்கிறது.

3. முன்னிலை

நிற்பாய். வேறு வழியில்லை.

4. அஃறிணை

சிக்கல் இங்கேதான். வரும் = வரு + உம். ப் இல்லை, முதலில் தெரியும் ‘வ’வோ பகுதிக்குச் சொந்தம். ஆக, நிற்கிறவனுக்கு இடைநிலை உண்டு, வரவேண்டிய பஸ்ஸுக்கு இல்லை (ஆதாரம்: டீக்கடை பெஞ்சு, ஆடாத கால் பக்கம்). இந்தச் ‘செய்யும்’ என்னும் முற்று தன்மை, முன்னிலை, பலர்பாலுக்கு வராது. அதாவது நான், நீங்கள், நிழற்குடையில் உள்ள அத்தனை பேரும் வெளியே. போதாக்குறைக்கு அது நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொது. “மயிலம் பஸ் வரும்” என்ற பூக்காரம்மாவிடம் எப்போது என்று கேட்டேன். “வர்றப்போ வரும் சார்” (வடை மடித்த தாள், எண்ணெய் ஊறாத மூலை, மூன்றாம் வரிக்கு மேல் என் கையெழுத்து). வற்புறுத்தியதும் “தோ, வந்துனே இருக்குது” என்று நிகழ்காலத்துக்குப் போனார். மேலும் வற்புறுத்தினேன். “வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்களேன்!” ஒரே பஸ், மூன்று காலம், ரோட்டில் ஒன்றுமில்லை.

தொல்காப்பியத்தின் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் தள்ளும் அறிஞர் பெருமக்கள், பஸ் அரைமணி தள்ளினால் ஏன் பதறுகிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

5. ஒப்பியல்

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் செல்போனில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தான். அங்கே ‘அப்லார்’ என்றால் பேசுதல். முழுச் சொல்லையும் அப்படியே வைத்து வால் ஒட்டினால் எதிர்காலம்: அப்லாரே, பேசுவேன், அப்லாராஸ், பேசுவாய், அப்லாரா, பேசுவான். ஒழுங்கான வினை எதுவானாலும் அதே ஆறு வால்கள். பழைய துணைவினை ஒன்று தேய்ந்து ஒட்டிக்கொண்டதுதான் அந்த வால். நம்முடைய ‘பேச இருக்கிறேன்’ மாதிரி.

அதைவிட முக்கியம் இது: மணி சரியாகத் தெரியாத ஸ்பானியர், எதிர்கால வினையில் ‘சேரா லா ஊனா’ என்பார். “ஒரு மணி இருக்கும்.” நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? ஆகவே ‘வரும்’ காட்டுவது காலமன்று, ஊகம்.

6. முடிவுரை

மேற்கண்ட முடிவை எழுதிக்கொண்டிருந்தபோது பஸ் வந்து, போய்விட்டது. இறந்தகாலம் என்பதில் ஐயமில்லை (சாட்சிகள்: பூக்காரம்மா, டீக்கடைக்காரர், பையன்; இவர்களில் பையன் ஏறிப் போய்விட்டதால் குறுக்கு விசாரணைக்குக் கிடைக்க மாட்டான்).

ஆய்வு தொடரும். அதுவும் ‘செய்யும்’ என்னும் முற்றே.