இன்னும் ஒரு கொதி

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "அத்தைகிட்ட கால்ஷீட் வாங்கியாச்சா?"

இந்த அத்தை யாருக்கும் சொந்த அத்தை இல்லை. செங்கல்பட்டில் தெருவுக்கு ஒருத்தர் இப்படி இருக்கிறார். சில தெருக்களில் பெரியம்மா என்பார்கள், சில தெருக்களில் மாமி. அடுப்பில் பாகு கொதிக்கும்போது பக்கத்தில் நின்று, இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, இறக்கலாமா கூடாதா என்று சொல்லுவது இவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. அதனாலேயே யாரும் எதிர்த்துப் பேசவும் முடியாது.

எங்கள் அத்தையின் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பச்சைக் கொடி காட்டி வண்டியை அனுப்பியவருக்கு வீட்டில் ஒரு கொடியும் கிடையாது. இரண்டும் அத்தை கையில். நமக்குக் காட்டுவது பெரும்பாலும் சிவப்புதான்.

அத்தை வரும்போது சொந்த ஜல்லிக் கரண்டியோடுதான் வருவார். வாசலிலேயே விசாரணை ஆரம்பித்துவிடும். "ஏம்மா, அரிசி என்ன அரிசி?" மாவுப் பச்சரிசி என்று சொன்னால் முதல் கண்டம் தாண்டியது. "நிழல்லதான காயவெச்ச? கையில ஒட்டற ஈரம் இருக்கும்போதே அரைச்சியா?" அடுத்தது வெல்லம். பாகு வெல்லம் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மஞ்சளாக, பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று வாங்கி வந்த வெல்லத்தை அத்தை தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது சாமிக்கு மாலை போட்டுப் பார்க்கத்தான் ஆகும்" என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுவார். கறுப்பாக, அழுக்காக, மண் தெரிகிற வெல்லம்தான் அவருக்கு நம்பிக்கைக்குரிய ஆள்.

மாவு மிஷின் விஷயத்தில் அத்தைக்கு மூக்கில் கண். ஒரு வருஷம் ஒரு வீட்டில் ஈர மாவைத் திறந்ததும், மோந்து பார்க்காமலே, "யாரோ முன்னாடி மிளகா அரைச்சிருக்காங்க" என்றார். வீட்டில் யாரும் நம்பவில்லை. தீபாவளியன்று அதிரசம் சாப்பிட்ட மாப்பிள்ளை இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகு நம்பினார்கள்.

அத்தையிடம் அளவு மட்டும் கேட்கக் கூடாது. ஒரு படி மாவுக்கு எத்தனை வெல்லம் என்று கேட்டால், "வெல்லத்தைப் பொறுத்து" என்பார். எவ்வளவு தண்ணீர்? "பாத்திரத்தைப் பொறுத்து." எத்தனை நிமிஷம் கொதிக்கணும்? "அது உன் மாமியாரைப் பொறுத்து." இது கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் பதத்தில் மட்டும் அத்தை தர்க்க சாஸ்திரம் படித்த மாதிரி பேசுவார். மைசூர்பாகுக்கு ஒற்றைக் கம்பி, விரலை விரித்தால் ஓர் இழை நிற்கணும். அதிரசத்துக்கு, கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் படுத்து, விரலுக்குள் மெத்தென்று உருளணும். பொரிவிளங்காய் உருண்டைக்கு, அதே சொட்டை எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கணும். இதெல்லாம் தெரிந்த நாங்களே இறக்கிக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. சொட்டு உருளும், நாமும் துணியைப் பிடித்துப் பாத்திரத்தைத் தூக்கப் போவோம், அத்தை ஒரு கையை நீட்டித் தடுத்து அந்த வாக்கியத்தைச் சொல்லுவார்:

"இன்னும் ஒரு கொதி."

எதிர்வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது பாகுக்கென்றே செய்த ஒரு தெர்மாமீட்டர் கொண்டு வந்திருந்தான். 112-லிருந்து 116 டிகிரிக்குள் இறக்கினால் பாகு மெத்தென்று உருளுமாம், அங்கே மிட்டாய் செய்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். அத்தை அந்தக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாகுக்கு ஜுரமா கண்ணு?" என்றார். தெர்மாமீட்டர் 114 காட்டியது. அத்தை இன்னும் ஒரு கொதி என்றார். பையன் விட்டுக்கொடுக்கவில்லை. பாதிப் பாகை அவன் பேச்சைக் கேட்டு இறக்கினார்கள், மீதி அத்தை பேச்சைக் கேட்டது. மறுநாள் பால் கவரில் எண்ணெய் தடவி, தட்டி, எண்ணெயில் போட்டதும் பையனுடைய அதிரசம் கடாய்க்குள் நுழைந்து, ஒரு விநாடி யோசித்து, குடும்பப் பாகப்பிரிவினை மாதிரி நாலா பக்கமும் பிரிந்தது. குச்சியின் நுனி பாத்திரத்தின் அடியில் முட்டிக்கொண்டிருந்தது, அதனால் பாகின் சூட்டைக் காட்டாமல் பாத்திரத்தின் சூட்டைக் காட்டியது என்று அவனே பிறகு கண்டுபிடித்துச் சொன்னான். அத்தை அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிரிந்த மாவில் கொஞ்சம் அரிசி மாவைத் தூவிப் பிசைந்து மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த வருஷம் முழுவதும் அவனை 'டாக்டர்' என்றே கூப்பிட்டார்.

கத்தி கையை வெட்டினால் 'கையைப் பதம் பார்த்துவிட்டது' என்கிறோம். அத்தை பதம் பார்ப்பதும் கிட்டத்தட்ட அந்த வகைதான். பாகைப் பார்க்கிற சாக்கில் வீட்டையே பார்த்துவிடுவார். டப்பா ஏன் இவ்வளவு சின்னது, மருமகள் ஏன் ஹாலில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறாள், போன வருஷம் இருந்த வெங்கலப் பானை எங்கே என்று கொதிக்கு ஒரு கேள்வி. பானை அடகுக் கடையில் இருக்கிற வீட்டில் பாகு சீக்கிரமே பதத்துக்கு வந்துவிட்டால் தேவலை.

தவறு நடந்தால் காரணம் எப்போதும் வெளியாள். முறுக்கு எண்ணெய் குடிக்கிறதா? எண்ணெய் காயாமல் போட்டிருப்போம், அல்லது வெண்ணெய் கூடியிருக்கும். இது அத்தைக்கும் தெரியும், தணிந்த குரலில் திருத்தியும் விடுவார். ஆனால் சத்தமாகச் சொல்லுவது, "அந்தப் பால்காரன் வாசல்ல நின்னு 'ஆகா, வாசனை'ன்னானே, அப்பவே நெனச்சேன்." கோகுலாஷ்டமிச் சீடை வெடித்தால் மாவைச் சலிக்காததும் உருண்டைக்குள் மாட்டிய ஈரம் வெளியேற வழி இல்லாததும் காரணம். அன்றைக்கு அத்தை ஒரு கையில் தாம்பாளத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போர்க்களத்தில் நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும். பழி மட்டும் மறுபடி பால்காரனுக்கே. பாவம், இப்போதெல்லாம் அவர் எங்கள் தெருவில் பண்டிகைக் காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் ஊற்றுகிறார்.

மாமா இதிலெல்லாம் தலையிட மாட்டார். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில், முனிவர் மாதிரி பின்னங்காலில் நின்று இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்கிற பூனை ஒன்று இருக்கிறது, காலடியில் எலிகள். முறுக்கு டப்பா இருக்கும் அலமாரிக்கு எதிரே மாமா பேப்பர் படிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிற்பிமேல் மரியாதை கூடும்.

அந்த மாமல்லபுரத்தில்தான் அத்தையின் நாத்தனார் மகள் வாழ்கிறாள். கார்த்திகைக்கு முன் ஒரு முறை அத்தை பஸ் ஏறுவார். வழியில் திருக்கழுக்குன்றம். உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போன ஊர். 1990-களோடு அந்த வரவு நின்றுபோனது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி மருந்துதான் நாடு முழுக்கக் கழுகு இனம் குறையக் காரணம் என்கிறார்கள் அறிவியலாளர்கள். அத்தை பஸ் ஜன்னல் வழியே மலையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் சொல்லும் காரணம் வேறு: "பிரஷர் குக்கர் வந்தப்புறம் எந்தக் கழுகு பொங்கல் திங்கும்?"

அத்தையும் ஒரு முறை சறுக்கியிருக்கிறார். அது அந்த மாமல்லபுரத்து வீட்டில். பொரிவிளங்காய் உருண்டைக்குப் பாகு 'டங்' என்றது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "இன்னும் ஒரு கொதி" என்றார். அரிசி, பாசிப்பருப்பு, கோதுமை எல்லாம் வறுத்து அரைத்த மாவில் சுக்கும் ஏலக்காயும் தேங்காய்ப் பல்லும் போட்டு, அந்தப் பாகை ஊற்றிப் பிடித்த உருண்டை ஆறியதும் கல்லாகிவிட்டது. இந்தப் பலகாரத்தைச் சிலர் 'பொருள்விளங்கா உருண்டை' என்பார்கள். பொருள் விளங்காதது ஒரு பக்கம், பல்லுக்கு அது விளங்கிய விதம் இன்னொரு பக்கம். கதவிடுக்கில் வைத்து உடைத்துப் பார்த்தார்கள், கதவு தளர்ந்தது. பக்கத்துக் கொட்டகைச் சிற்பி ஒருவர் உளியோடு வந்து, உருண்டையைச் சுண்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இது ஆண் கல்லும்மா" என்று மரியாதையோடு திருப்பிக் கொடுத்தாராம். 1908-இல் மதராஸ் கவர்னர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையாமல் சரிவில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்களே, அந்த வெண்ணெய் உருண்டைப் பாறை, அதுவும் ஏதோ பல்லவர் காலத்து அத்தை ஒரு கொதி அதிகமாக விட்டதுதான் என்பது மாமாவின் கருத்து. இதை அத்தை இல்லாதபோது மட்டும் சொல்லுவார்.

மார்கழி பிறந்தால் அத்தையின் ஆட்சி எல்லை விரியும். கோவளத்தில், கடலோரம், அத்தைக்கு வேண்டிய ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அங்கே கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும் கலகலாவும். பூப்போட்ட இரும்பு அச்சைக் காய்ந்த எண்ணெயில் முதலில் சுட வைத்து, தேங்காய்ப் பால் ஊற்றிக் கரைத்த மாவில் முக்கால்வாசி மட்டும் தோய்க்க வேண்டும். முழுக்க முழுகிவிட்டால் முறுக்கு அச்சைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், எண்ணெயில் எவ்வளவு உதறினாலும் விடாது. புது அச்சுக்கு இந்தப் பாசம் இன்னும் அதிகம். அந்த வீட்டு மருமகள் ஒரு வருஷம் புது அச்சோடு மல்லுக்கட்டி அழுதுகொண்டே போன் செய்ய, அத்தை டவுன் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார். மாவில் முட்டை உண்டு. அத்தைக்குத் தெரியும், அவர்களுக்கும் அத்தைக்குத் தெரியும் என்று தெரியும். "மாவுல என்ன போட்டிருக்கன்னு நான் கேக்கல, நீயும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு, அச்சைக் கஞ்சித் தண்ணியில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெயில் ஒரு ராத்திரி வைக்கச் சொன்னார். மறுநாள் காலை பூப் பூவாக விழுந்தது.

இதே பலகாரத்தை இலங்கையில் கொக்கிஸ் என்கிறார்கள். டச்சுக்காரர் விட்டுப்போன பெயர் என்று சொல்லக் கேள்வி. ஆங்கிலத்துக் 'குக்கி'யும் அதே டச்சுச் சொல்லின் வாரிசுதான். கோவளத்திலிருந்து தெற்கே, மாமல்லபுரம் தாண்டி, சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் அந்த டச்சுக்காரர்கள் பலர் பூ வேலைப்பாடு செய்த கல்லறைகளில் படுத்திருக்கிறார்கள். அத்தையை ஒரு முறை அங்கே கூட்டிப்போனேன். கல்லில் செதுக்கிய பூவை விரலால் தடவிப் பார்த்து, "அச்சு நல்லா பழகின அச்சு" என்றார்.

எல்லா வீட்டுக்கும் இப்படி ஓடுகிறவர் வீட்டில் பண்டிகைக்கு என்ன இருக்கும்? பதினோரு வீட்டிலிருந்து வந்த பதினோரு தட்டு. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. "நாக்கு நுனியில தொட்டது ரத்தத்துக்குப் போகாது" என்று டாக்டரிடமே வாதாடியவர் என்றாலும் தட்டுகளை மாமா பக்கம் தள்ளிவிடுவார். அவர் அடுப்பில் தீபாவளிக்கு ஏறுவது ஒன்றே ஒன்று, தீபாவளி மருந்து. சுக்கு, மிளகு, ஓமம், கண்டந்திப்பிலி அரைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிற லேகியம். பதினோரு வீட்டு வயிற்றிலும் தானே ஏற்றி வைத்ததை மறுநாள் விடிகாலை தானே இறக்கி வைப்பதற்கு.

போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி நான் டப்பா திருப்பிக் கொடுக்கப் போனபோது அத்தை அடுப்பு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பத்து நாள் கொதிக்கிற பாகைத் தொட்ட இரண்டு விரலிலும் கொப்புளம், மேலே மஞ்சள் பற்று. லேகியம் சட்டியில் சுருண்டு, ஓரத்தில் நெய் பிரிந்து மினுங்கிக்கொண்டிருந்தது.

"வெரல்ல ஒண்ணும் தெரியல கண்ணு. இறக்கலாமா, தொட்டுப் பாரு."

நான் கையை அலம்பி, வேட்டியில் துடைத்து, கொஞ்சம் எடுத்து உருட்டினேன். விரலில் ஒட்டவில்லை. நாற்பது வருஷமாகக் காத்திருந்த வாய்ப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னும் ஒரு கொதி" என்றேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். எட்டி அடுப்பை அணைத்தார்.