பீரோ சாவி

பாகப்பிரிவினை வழக்கில் பத்திரத்தை வெளியே எடு என்று நீதிமன்றம் உத்தரவிடுவது கொங்கு நாட்டு அண்ணன்மாருக்கு இழைக்கும் கொடுமை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளை, ஒளித்தால் எதிர்வாதத்தையே தள்ளுபடி செய்யலாம் என்கிறது. பாசத்தை இப்படியா மிரட்டுவது? பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் போட்டது (அதற்குமுன் கல்யாணமானவர்களை மட்டும் 2005 வரை காக்க வைத்தது). தங்கைக்கு அந்தத் தலைவலி வேண்டாமென்றுதானே பொள்ளாச்சித் தோப்பின் கணக்கு மொத்தத்தையும் அண்ணன் தனியாளாகச் சுமக்கிறார்? பொங்கலுக்குப் பொங்கல் சீர் வேறு.

பட்டாவும் வில்லங்கமும் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றனவே, ஒளிக்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். ஊரையும் சர்வே எண்ணையும் போட்டால் யாரும் பார்க்கலாம். சர்வே எண் பீரோவில் இருக்கிறது. சாவி அண்ணி இடுப்பில்.

உத்தரவுக்குப் பணிந்து பீரோ ஒருநாள் திறக்கும். அந்துருண்டை வாசத்தோடு மஞ்சப்பை வெளியே வரும். 'என் பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லை' என்று பிரமாண வாக்குமூலத்தில் அண்ணன் சொன்னது அட்சர சுத்தமான உண்மை என்பது அப்போதுதான் தெரியும். பட்டா இன்னும் தாத்தா பெயரில்.