சித்தப்பா பார்க்கப்போன மாடு

மண்டகப்பட்டில் பிறந்தவனுக்கு மாடு என்பது வேடிக்கை பார்க்கிற பொருள் இல்லை. கண் விழித்தால் மாடு, பல் விளக்கப் போனால் மாடு, செஞ்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் நடு ரோட்டில் படுத்து அசைபோடுகிற மாடு. எங்கள் ஊருக்கு வெளியாட்கள் வருவதும் மாட்டுக்காக இல்லை. மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் இங்கே இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்தேன் என்று அவனே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். தொப்பியும் கேமராவுமாக வருகிறவர்கள் அந்தத் தூண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்ப்போம்.

இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து, 350 கிலோமீட்டருக்கு மேல் போய் மாடு பார்த்துவிட்டு வந்தது என்றால், அதற்கு முழுப் பொறுப்பும் சித்தப்பாவுடையது.

சித்தப்பாவின் செல்போனில் கொடைக்கானல் காட்டெருமை வீடியோ ஒன்று வந்து சேர்ந்தது. கடைவீதியில் ஒரு காட்டெருமை சாவகாசமாக நடந்து போகிறது, ஜனங்கள் கடைக்குள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வண்டலூரில்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்று சித்தி சொல்லிப் பார்த்தார். பார்த்தோம்தான். அகழிக்கு அந்தப் பக்கம், மரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒன்று படுத்திருந்தது. நாங்கள் கொண்டுபோன புளிசாதம் தீர்கிறவரை அது திரும்பவே இல்லை.

“அது பார்த்த கணக்கா? கிட்டப் போய்ப் பாக்கணும்!” என்றார் சித்தப்பா.

“நம்ம வூட்டுக் கொட்டாயில ரெண்டு நிக்குது. அத்த கிட்டப் போய்ப் பாக்க உனக்கு நேரமில்ல. காட்டுல இருக்கறத இன்னாத்துக்குடா கிட்டப் போய்ப் பாக்கணும்?” என்று கேட்டது ஆயா. நியாயமான கேள்வி. சித்தப்பா அதற்குப் பதில் சொல்லாமல் வேன்காரருக்கு போன் போட்டார்.

ஆயாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் திட்டம். ஆனால் ஓட்டல் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்ட சித்தி, சமையல்கட்டு உள்ள காட்டேஜாகப் பார்த்து எடுக்கச் சொல்லி, ஆயாவையும் அரிசி மூட்டையையும் ஒரு படி மல்லாட்டையையும் சேர்த்து வேனில் ஏற்றிவிட்டார். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் வேண்டும். எத்தனை பேர், என்ன வண்டி, எங்கே தங்கல் என்று எல்லாவற்றையும் ஆன்லைனில் பதிய வேண்டும். வருகையின் நோக்கம் ‘சுற்றுலா’ என்று நான் போட்டேன். மாடு பார்க்க என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் சித்தப்பா செல்போனைப் பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். கடா ஆறடி உயரம் வரும், அதுவும் தோள் வரைக்கும் மட்டும். எடை ஒரு டன்னைத் தொடும். பெயரில்தான் எருமை, உண்மையில் அது பசுவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. கோவாவுக்கு அதுதான் மாநில விலங்கு. ரெட் புல் டப்பாவில் முட்டிக்கொண்டு நிற்கிற சிவப்பு மாடுகள்கூட இதே இனம்தான், அந்தப் பானம் தாய்லாந்தில் பிறந்தது என்றார். என் பையன் அந்த ஒரு தகவலை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு, திருச்சியில் வேன் நின்றதும் டப்பா கேட்டு அழுதான்.

“1968ல முதுமலை பக்கம் கொள்ளை நோய் வந்து கூட்டம் கூட்டமா செத்துப்போச்சாம்” என்று படித்தார் சித்தப்பா.

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஆயா கண்ணைத் திறந்தது. “வெக்கையா?”

வெக்கை நோய்தான். வளர்ப்பு மாட்டிலிருந்து காட்டு மாட்டுக்குத் தொற்றியது. உலகத்திலிருந்தே அதை ஒழித்தாயிற்று என்று 2011இல்தான் அறிவித்தார்கள். ஆயா அதன் பிறகு வத்தலக்குண்டு வரைக்கும் தூங்கவில்லை. வெக்கை வந்த வருஷம் தன் அம்மா வீட்டுக் கொட்டகையில் எந்த மாடு எந்த வரிசையில் போனது, எதன் கழுத்தில் என்ன மணி இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தது. சித்தப்பா செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வேட்டை. பைன் காட்டில் குதிரை இருந்தது, காட்டெருமை இல்லை. மோயர் பாயிண்டில் பஜ்ஜி இருந்தது, காட்டெருமை இல்லை. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேரிஜம் ஏரி வரைக்கும் போனோம். அங்கே ஒரு திருப்பத்தில் சித்தப்பா, “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினார். ரோட்டோரம் ஆவி பறக்கச் சாணி கிடந்தது.

எங்கள் வீட்டில் சித்தப்பா சாணி அள்ளி யாரும் பார்த்ததில்லை. கொட்டகைப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள் அவர். அன்றைக்கு அந்தச் சாணிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சித்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘ஜஸ்ட் மிஸ்’ என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டார். சித்தி போட்டோவில் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கிடையில் காட்டேஜில் நடந்தது எங்களுக்குத் தெரியாது. குளிர் தாங்காது என்று ஆயா எங்களோடு வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்திருக்கிறது. களைந்த தண்ணியை சிங்க்கில் ஊற்ற மனசு வரவில்லை. எழுபது வருஷமாகக் கழனித்தண்ணியைத் தொட்டியில் ஊற்றிப் பழகிய கை அது. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊற்றி, முட்டைக்கோஸின் மேல் இலையையும் கேரட் தழையையும் கிள்ளிப் போட்டு, ஒரு கை கல்லுப்பும் கலந்து வெளியே வைத்திருக்கிறது. தெருவில் போகிற எந்த மாடாவது குடிக்கட்டுமே என்று.

நாங்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வேன் கேட்டுக்குள் நுழைந்து வளைந்ததும் டிரைவர் பிரேக் போட்டார். காட்டேஜ் கதவுக்கு ஒரு பக்கமாக, எங்கள் ஊர்க் குகைக்கோயிலின் துவாரபாலகர் கணக்காக, அது நின்றுகொண்டிருந்தது. கறுப்பு என்றால் எண்ணெய் பூசிய கறுப்பு. திமிலிலிருந்து பாதி முதுகு வரைக்கும் ஒரு மேடு. கொம்பின் நுனி கறுப்பு, நடு மஞ்சள். காலில் அந்த வெள்ளை, சேற்றில் மிதித்து ஒரு கால் மட்டும் அழுக்காகியிருந்தது. தலை பக்கெட்டுக்குள் இருந்தது. உறிஞ்சுகிற சத்தம் வேனுக்குள் கேட்டது.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வந்த சித்தப்பாதான் முதல் ஆளாகக் கண்ணாடியை ஏற்றினார். பிறகு பையன் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினார். பிறகு டிரைவரிடம், “ரிவர்ஸ் எடுக்க முடியுமா தம்பி?” என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

அது தலையைத் தூக்கியது. மோவாயில் கழனித்தண்ணி சொட்ட வேனைப் பார்த்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, முழு உடம்பும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டது.

“டேய், பாரேன்! போஸ் குடுக்குது!” என்று சித்தப்பா பயத்தை மறந்து செல்போனை எடுத்தார். பளிச் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. ஆயா. கையில் முறம். வேனுக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம்; கண்ணாடி ஏற்றியிருந்ததால் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ஆயா காட்டெருமையைப் பார்த்தது. காட்டெருமை ஆயாவைப் பார்த்தது. இருபதடி இருக்கும். ஆயா ஓடவில்லை, கை ஓங்கவில்லை, கிட்டவும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, வீட்டு மாட்டிடம் பேசுகிற அதே தணிந்த குரலில், “குடி, குடி. குடிச்சிட்டுப் போ” என்றதாம். பிறகு பின்னாலேயே நகர்ந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

அது மிச்சத்தையும் குடித்தது. பக்கெட்டைக் கவிழ்த்து மிதித்தது. வேலியோரச் செடிகளுக்கு நடுவே புதிதாக ஒரு வழி போட்டுக்கொண்டு பைன் மரங்களுக்குள் இறங்கிப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தார். உடைந்த பக்கெட்டையும் சிதறிய கோஸ் இலையையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“என்ன பாட்டி, இப்படிப் பண்ணிப்புட்டீங்க? ஒரு தரம் உப்பு ருசி கண்டா விடாதுங்க. நாளைக்கும் வந்து நிக்கும்” என்றார். முன்பு இந்த மலையில் புல்வெளிதான் பரந்து கிடந்தது என்றும், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் என்று நட்டு நட்டு மேய்ச்சலுக்குப் புல் இல்லாமல் ஆக்கியதால்தான் அதுங்க குப்பைத்தொட்டியைத் தேடி ஊருக்குள் வருகின்றன என்றும் சொன்னார். முட்டி ஆள் செத்ததும் உண்டாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிற மிருகமாம், ஆகவே தீனி வைக்கவும் கூடாது, விரட்டவும் கூடாது. சித்தப்பா பெருமையாக, போஸ் கொடுத்த விஷயத்தைச் சொன்னார்.

வாட்ச்மேன் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தார். “பக்கவாட்டுல திரும்பி நின்னுச்சா? என் சைஸைப் பாத்துக்க, ஒதுங்கிப் போயிருன்னு மிரட்டுது சார் அது. அதுக்கும் அசையலைனா அடுத்தாப்ல முட்டுதான்.”

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். போட்டோக்களைத் திறந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் வேன் கண்ணாடியில் ஃபிளாஷ் வெளிச்சமும், அதற்குக் கீழே வாயைப் பிளந்த சித்தப்பாவும் இருந்தார்கள்.

மறுநாள் காட்டேஜ்காரர் பில்லில் பக்கெட்டுக்கு 250 ரூபாய் சேர்த்திருந்தார். சித்தப்பா பேரம் பேசினார். ஆயா சுருக்குப்பையை அவிழ்த்துத் தானே கொடுத்தது. இறங்குகிற வழியில் பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தியபோது, “பயமாவே இல்லையா ஆயா?” என்று கேட்டேன்.

“பயம் இல்லாம? கொம்பு அந்த நீளம் இருக்குது” என்றது. டீயை ஊதிக் குடித்தது. “நல்ல கடா. ஆனா செஞ்சி சந்தையில வந்து நின்னா ஒருத்தனும் வெல சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு எட்டு கிட்ட வந்திருந்தா பல்லப் பாத்து வயச சொல்லியிருப்பேன். நீங்கதான் லைட்டு அடிச்சு கெடுத்துட்டீங்க.”