செல்ஃப் மோட்டாருக்கு ஜாமீன் கோரும் மனு

பெறுநர்: வடிவமைப்பு அலுவலகம், வோக்ஸ்வாகன் நிறுவனம், வோல்ஃப்ஸ்பர்க், ஜெர்மனி.

பொருள்: பழைய டைப் 2 வேன்கள் கிளம்பாததற்கெல்லாம் செல்ஃப் மோட்டாரையே தண்டிப்பது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு,

தங்கள் வேன் 1950 மார்ச்சில் உற்பத்திக்கு வந்தது. 2013 டிசம்பரில், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாகப் போகின்றன என்றதும், பிரேசிலில் அந்தப் பழைய வடிவின் உற்பத்தியும் நின்றது. ஆகவே இந்த மனு கொஞ்சம் தாமதமாகவே வருகிறது. ஆனால் காற்றால் குளிரும் எஞ்சினோடு பிறந்த பழைய வண்டிகள் இன்னும் உலகெங்கும் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கின்றன. அந்த 'டிக்' காதில் விழுந்ததும் தீர்ப்பும் வந்துவிடுகிறது: செல்ஃப் போச்சு, புதுசு மாட்டு. அளந்து பார்ப்பதும் இல்லை, விசாரணையும் இல்லை. குற்றம் நடந்த இடத்தில் நின்றிருந்தான் என்பதற்காகவே ஒருவனைத் தூக்கில் போடும் இந்த வழக்கத்துக்கு எதிராகத் தங்கள் வரைபடமே முதல் சாட்சி என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம்.

1947 ஏப்ரலில் டச்சு இறக்குமதியாளர் பென் பொன் ஒரு தாளில் கிறுக்கிய படத்திலேயே எல்லாம் ஆரம்பித்துவிட்டது. ஓட்டுநர் மூக்கில், எஞ்சின் வாலில், நடுவே சரக்கு. அருமையான யோசனை, மறுக்கவில்லை. பேட்டரியும் வாலில், செல்ஃபும் வாலில், சாவி மட்டும் மூக்கில். பக்கத்து மேசையில் முடிய வேண்டிய கோப்பு தலைமைச் செயலகம் வரை போய்த் திரும்புவது போல, பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் ஏறக்குறைய நாலரை மீட்டர் வண்டியின் முன்கோடிக்குப் போய், சாவி சுவிட்சுக்குள் நுழைந்து, வந்த வழியே திரும்பி, செல்ஃபின் மேல் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டில் 50 என்று எண் போட்ட முனையைச் சேர வேண்டும். நடுவில் வரும் ஒவ்வொரு இணைப்பிலும் நாற்பது, ஐம்பது வருடத் துரு தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். சொலினாய்டு இழுக்கும் அந்த நொடியில் 30 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் மொத்தமாக 0.1 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் வண்டியிலேயே இது கால்வாசி. 1966 வரை 6 வோல்ட்டில் ஓடியவற்றின் கதையைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் மல்ட்டிமீட்டரைப் பேட்டரியிலும் 50ஆம் முனையிலும் மாறி மாறி வைத்தால் போதும். பேட்டரி 11 வோல்ட் காட்டி, முனை 7 காட்டினால் திருடன் வழியில் இருக்கிறான். பேட்டரி வயர் வந்து சேரும் 30ஆம் முனையையும் 50ஐயும் நேரடியாக இணைத்தவுடன் மோட்டார் சுறுசுறுப்பாகச் சுற்றினால் அதற்கு விடுதலைப் பத்திரமே எழுதிக் கொடுத்துவிடலாம்.

போன மின்சாரம் திரும்பியும் வர வேண்டுமே! எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே பின்னல் போட்ட ஒரு எர்த் பட்டையைத் தாங்கள் வைத்தீர்கள். அது பச்சை பூத்து இற்றுப்போனால் மின்சாரம் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். கிளட்ச் கேபிள் சூடாகிறது என்று புகார் வந்தால் மெக்கானிக் கிளட்சைப் பிரிக்கிறார்! இதற்கும் மேலே ஒன்று உண்டு. மேனுவல் கியர் வண்டிகளில் செல்ஃபின் தண்டு நுனியைத் தாங்கும் சிறிய புஷ்ஷைத் தாங்கள் மோட்டாரில் வைக்கவில்லை, பெல் ஹவுசிங்கில் வைத்தீர்கள். மோட்டாரைக் கழற்றினாலும் தேய்ந்த புஷ் உள்ளேயே இருக்கும். அதே புஷ்ஷில் புது மோட்டாரை மாட்டினால் தண்டு ஆடி, ஆர்மேச்சர் உரசி, அதுவும் திணறும். பிறகு 'டூப்ளிகேட் சரக்கு' என்று புது மோட்டாருக்கும் கெட்ட பெயர்.

எதிர்த்தரப்பு சொல்லும் முதல் வாதம்: புது செல்ஃப் போட்டதும் வண்டி கிளம்பிற்றே? கிளம்பும். மாட்டும்போது முனைகளைச் சுரண்டி, நட்டை இறுக்கியிருப்பார்கள். புது சொலினாய்டு குறைந்த வோல்ட்டிலும் இழுத்துக்கொள்ளும். வழியில் இருக்கிற தடை அப்படியே இருப்பதால் சில மாதம் கழித்து அதே 'டிக்'. இரண்டாவது வாதம்: ஓடிச் சூடான வண்டிதானே எடுக்க மாட்டேன் என்கிறது, ஆறினால் எடுக்கிறதே, அப்படியானால் மோட்டார்தானே வெந்துவிட்டது? செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். 50 டிகிரி ஏறினால் 20 சதவீதம். முழு வோல்ட் வந்துகொண்டிருந்தால் இந்த 20 சதவீதத்தைச் சொலினாய்டு சமாளித்துவிடும். ஏற்கெனவே 3 வோல்ட்டைப் பறிகொடுத்தவனுக்குத்தான் இது கடைசி அடி. காற்று கொதிக்காது, உறையாது என்று பெருமை பேசிய எஞ்சினுக்குப் பக்கத்திலேயே சொலினாய்டைக் குடிவைத்தது யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

சுத்தியலால் தட்டினால் எடுக்கிறதே என்பது மூன்றாவது. இதை ஒப்புக்கொள்கிறோம். தட்டினால் சுற்றும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், பிளஞ்சர் மாட்டிக்கொண்டிருக்கலாம். அந்தக் குற்றவாளிக்கு நாங்கள் ஜாமீன் கேட்கவில்லை. மோட்டார் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத வண்டிகளும் இந்த மனுவில் அடங்கா. அங்கே 0.4 மில்லிமீட்டர் பாயிண்ட் இடைவெளியையும் கண்டென்சரையும் பெட்ரோல் வரத்தையும் பார்க்க வேண்டும். அங்கேயும் சிலர் செல்ஃபைத்தான் கழற்றுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வழியில் தொலையும் வோல்ட்டுக்குப் பரிகாரமும் உண்டு: செல்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு ரிலேயை வைத்து, சாவியிலிருந்து வரும் வயருக்கு ரிலேயைத் தூண்டும் வேலையை மட்டும் கொடுத்தால், கனமான மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். இது நோயை மூடி மறைக்கிற வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எர்த் பட்டை இற்றுப்போயிருந்தால் அவர்கள் சொல்வது சரி. பட்டையைப் பார்க்காமல் ரிலே வைப்பது வீண். பட்டை சரியாக இருந்தால், தங்கள் அலுவலகம் வரைபடத்திலேயே செய்திருக்க வேண்டிய திருத்தம் அது, அவ்வளவே.

ஆகவே தாங்கள் ஒவ்வொரு பழைய வேன்காரருக்கும் ஒரு மல்ட்டிமீட்டர் இலவசமாக அனுப்ப உத்தரவிட வேண்டுகிறோம். செலவு கட்டாது என்றால் புது செல்ஃப் வரும் அட்டைப்பெட்டியில் அந்தச் சின்ன புஷ்ஷையாவது போட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
செல்ஃப் மோட்டார்கள் சார்பில்

இணைப்பு: பச்சை பூத்த எர்த் பட்டை – 1