டெஸ்ட் டிரைவ் திலகம்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், சாம்பார் வருவதற்குள் "சார் என்ன கார் வெச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். அவருக்கு உங்கள் காரைப் பற்றி அக்கறை எதுவும் கிடையாது. நீங்கள் பதிலை முடிப்பதற்குள், "சிட்டியா, வெர்னாவா? நீங்களே சொல்லுங்க" என்று உங்கள் இலைப்பக்கம் சாய்வார். எதைச் சொன்னாலும் மற்றதற்காக வாதாடுவார். பாயசம் வரும்போது நீங்கள் கட்சி மாறியிருப்பீர்கள். அவரும் மாறியிருப்பார்.

நம்மாளுக்கு வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வேளச்சேரியிலோ நங்கநல்லூரிலோ சொந்த ஃபிளாட். வீட்டுக் கடன் முடிந்தாயிற்று, பெண் இன்ஜினியரிங் கடைசி வருஷம், கையில் கொஞ்சம் காசு நிற்கிறது. வினையே அங்கேதான்.

அவரிடம் எஸ்யூவி பேச்சை எடுக்கக் கூடாது. ஊரே க்ரெட்டா பின்னால் போகிறதே என்றால், "அது ஜீப்பு சார். காருன்னா டிக்கி தனியா இருக்கணும்" என்பார். நாலு மீட்டருக்குள் அடங்கும் டிசையர் வகையறாவைச் சொன்னால், வரிக்காக வாலை வெட்டிக்கொண்டது என்று தள்ளிவிடுவார். விர்டஸ், ஸ்லாவியா? "ஓட்ட அருமையா இருக்கு. ஆனா மச்சான் ஸ்லாவியா எடுத்திருக்கான். அவன் எடுத்ததையே நானும் எடுக்க முடியுமா?" விர்டஸுக்கும் அதே இன்ஜின்தான் என்பதால் அதுவும் அடிபட்டுப் போகிறது. ஆக, நடுத்தர சைஸ், பெட்ரோல், செடான். களத்தில் நிற்பது இரண்டே இரண்டு.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறார். ஆபீஸில் அதைத் திறந்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். சிட்டியில் 1.5 லிட்டர் இன்ஜின், 121 குதிரைத்திறன். வெர்னாவின் சாதாரண 1.5-ல் 115. ஆறு குதிரை வித்தியாசம். மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாராவில் முதல் கியரில் நகரும்போது அந்த ஆறும் என்ன செய்யும் என்று கேட்டால் முறைப்பார். வெர்னாவிலேயே டர்போ ஒன்று உண்டு, 160 குதிரை. அதற்குத் தனி ஷீட்.

மைலேஜ் என்று வந்துவிட்டால் அவர் முகமே மாறிவிடும். மேனுவல் கியரில் சிட்டிக்கு 17.8, வெர்னாவுக்கு 18.6. இது கம்பெனி காட்டும் சோதனைக் கணக்கு என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் என்று போட்டு, 24 லிட்டர் மிச்சம், லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சம், ஆக 2,400 ரூபாய் என்று அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். அவர் வருஷத்துக்கு ஓட்டுவது 4,000 தாண்டாது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் ஷீட்டை அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டிக்கியிலும் போட்டிதான். சிட்டி 506 லிட்டர், வெர்னா 528. வித்தியாசம் 22 லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் ஒரு தண்ணி கேன், கூடவே ஒரு இரண்டு லிட்டர் பாட்டில். "தண்ணி கேன் வீட்டுக்கே வந்துடுதே, அதை டிக்கில எதுக்கு ஏத்தணும்?" என்று வெர்னாவுக்குக் கொடுத்த மார்க்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அவர் மார்க் போடுகிற விதமே அப்படித்தான். எந்தப் பக்கம் தராசு சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் படிக்கல்லை எடுத்துவிடுவார்.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். நம்மாள் அதற்கு முன்னால் கதவை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். வெர்னா 2023 அக்டோபரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அவருக்கு மனப்பாடம். ஆனாலும் தன் காதால் கேட்டால்தான் தகடு மேல் நம்பிக்கை வரும். அப்புறம் பேண்ட் பாக்கெட்டிலிருந்து இன்ச் டேப் வெளியே வரும். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் அவருக்கு ஒதுக்கிய இடம் இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கிறது. சிட்டியின் நீளம் 4,583 மில்லிமீட்டர், வெர்னா 4,535. பிரசுரத்திலேயே அச்சடித்திருக்கிறதே சார் என்று விற்பனைப் பையன் சொன்னால், "அச்சுல இருக்கறது எல்லாருக்கும். தூணு எனக்கு" என்பார். பிறகு பையன் பக்கத்து சீட்டில் உட்கார, ஏ.சி.யை அணைத்து, பாட்டை நிறுத்தி, ஷோரூமுக்குப் பக்கத்தில் இருக்கும் வேகத்தடையின் மேல் மூன்று தரம் ஏறி இறங்குவார். அவ்வளவுதான் டெஸ்ட் டிரைவ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துப் போனார். பின் சீட்டு யாருக்கு? அம்மாவுக்குத்தானே. அம்மா இரண்டு ஷோரூமிலும் ஏறி உட்கார்ந்து, காபி குடித்து, வெளியே வந்து சொன்னது: "ரெண்டும் பள்ளமா இருக்குடா. உட்கார்றப்ப விழற மாதிரி இருக்கு, எழுந்திரிக்கறப்ப யாராவது தூக்கணும்." செடான் என்ற கட்சியையே கலைக்கிற தீர்ப்பு அது. ஷீட்டில் அதற்கு ஒரு வரிசை சேர்க்காமல் விட்டுவிட்டார். வெர்னா இருங்காட்டுக்கோட்டையில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில்தான் தயாராகிறது என்று பேச்சை மாற்றப் பார்த்தார். அம்மா விடவில்லை. "இதோ இருக்கற இடத்துல செய்யறான்னா, நேரா அங்கேயே போய் வாங்கினா குறையாதா?" ராஜஸ்தானில் தயாராகி வருகிற சிட்டிக்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு நாள் யோசித்தார்.

சரி, முடிவு செய்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எப்போது வாங்குவது? ஆடியில் தள்ளுபடி கொடுக்கிறார்கள், ஆனால் ஆடியில் வண்டி எடுக்கலாமா? ஆயுத பூஜைக்கு எடுக்கலாம், அப்போது ஊரே எடுக்கும், தள்ளுபடி இருக்காது. டிசம்பரில் வருஷக் கடைசித் தள்ளுபடி அள்ளிக் கொடுப்பார்கள், பாதி மாதம் மார்கழி. மார்கழிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டாலோ, ஜனவரி பிறந்ததும் வண்டி போன வருஷ மாடல் ஆகிவிடும், விற்கும்போது அடிமாட்டு விலைக்குக் கேட்பான். தை பிறக்கட்டும் என்று இருந்தால் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் விலையை ஏற்றிவிடுவார்கள். தமிழ் மாதமும் இங்கிலீஷ் மாதமும் சேர்ந்து சதி செய்து, கார் வாங்க ஒரு நல்ல நாள்கூட மிச்சம் வைக்கவில்லை. ஐப்பசி மிச்சம் இருக்கிறதே என்றேன். "அப்ப மழை சார். 2024 அக்டோபர்ல வேளச்சேரி மேம்பாலத்து மேல காரையெல்லாம் வரிசையா நிறுத்தினாங்களே, பார்க்கலியா? புது வண்டியைப் பாலத்துல விட்டுட்டு நான் வீட்ல தூங்கவா?"

அவரை எல்லா ஷோரூமிலும் தெரியும். வாசல் செக்யூரிட்டி பெயர் சொல்லி வணக்கம் வைப்பார். வெர்னா ஷோரூமில் அவரைக் கவனித்துக்கொண்ட பையன் வேலை மாறிப் போனான். சில மாதம் கழித்துப் பார்த்தால் சிட்டி ஷோரூமில் டை கட்டிக்கொண்டு நிற்கிறான். நம்மாள் விடுவாரா?

"போன தடவை நீதானப்பா சொன்னே, சிட்டியில டர்போ இல்லை, அது பெரிய குறைன்னு?"

"டர்போ இருந்தா செலவு ஜாஸ்தி சார்."

"வெர்னா டிக்கி பெருசுன்னியே?"

"சிட்டி பின் சீட்டு வசதி சார். அம்மாவுக்கு."

ஒரே வாயால் இரண்டு பக்கத்து நியாயத்தையும் பேசத் தெரிந்த அந்தப் பையன் மேல் அவருக்குத் தனி மரியாதை. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இவனையே கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியதாக அவர் வீட்டம்மா சொன்னார்.

இவ்வளவும் எதற்கு? இரண்டு காருமே நல்ல கார்கள்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்தாலும் பத்து வருஷம் ஓடும். அவர் பயப்படுவது காரைப் பார்த்து அல்ல, நம்மைப் பார்த்து. புது வண்டி வாசலில் வந்து நின்று, நாலு சக்கரத்துக்கும் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கி முடிவதற்குள் மாடிவீட்டுக்காரர் இறங்கி வருவார். "ஆன் ரோடு எவ்வளவு ஆச்சு?" முதல் கேள்வி. பத்து லட்சத்துக்கு மேலே போனால் தமிழ்நாட்டில் சாலை வரி மட்டுமே 18 சதவீதம் என்று விளக்கி அனுதாபம் வாங்கிவிடலாம். "மைலேஜ் என்ன குடுக்குது?" இதற்கு எல்லோரும் போல இரண்டு கூட்டிச் சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் இத்தனை வருஷத் தயாரிப்பும். "ஏன் சார், இந்த விலைக்கு அதையே எடுத்திருக்கலாமே?" சிட்டி எடுத்தால் வெர்னாவைச் சொல்வார்கள், வெர்னா எடுத்தால் சிட்டியைச் சொல்வார்கள். அந்த எக்செல் ஷீட் அன்றைக்குத் தாக்கல் செய்ய வேண்டிய எதிர்வாதம். கேட்பவர் ஒரு வாக்கியத்தோடு போய்விடுவார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார், ஏனென்றால் மச்சானின் ஸ்லாவியாவைப் பார்த்து அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான்.

அவர் தேட ஆரம்பித்தது 2022-ல். அப்போது பட்டியலில் மாருதி சியாஸும் இருந்தது. யோசித்துக்கொண்டிருக்கையிலேயே 2023-ல் சிட்டியிலும் வெர்னாவிலும் டீசல் போயிற்று. டீசலா பெட்ரோலா என்று ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் வீண். 2025 ஏப்ரலில் சியாஸையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அவர் துக்கம் விசாரிக்க வந்தவர் போலவே பேசினார். "நல்ல வண்டி சார். நான்தான் கொஞ்சம் லேட் பண்ணிட்டேன்" என்று, நிறுத்தியது தன்னால்தான் என்பதுபோல.

ஆனால் அந்த வருஷமே அவருக்கு ஒரு நல்ல காலமும் வந்தது. செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி.யை மாற்றினார்கள். இந்த ரகக் கார்களுக்குச் செஸ்ஸோடு சேர்த்து 45 சதவீதமாக இருந்த வரி 40 ஆனது. ஏற்கெனவே வாங்கிவிட்ட அத்தனை பேரையும் அபார்ட்மெண்டில் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். "அவசரப்படாதீங்கன்னு சொன்னேன்ல?" வாங்காமலேயே லாபம் பார்த்த மனிதர் நடக்கிற நடை அன்றைக்கு அவரிடம் இருந்தது. இப்போது, இன்னும் குறைத்தாலும் குறைப்பார்கள் என்று காத்திருக்கிறார்.

அதுவரை 2009 மாடல் சான்ட்ரோவையே ஓட்டுகிறார். பதினைந்து வருஷம் முடிந்ததும் பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டார். இனி 2029 வரை செல்லும்.