ரேணிகுண்டா வட்டாரக் கிட்டார் மாணவரின் இடக்கை விரல்நுனி வலி: ஒரு முதற்கட்ட ஆய்வு

இவ்வாய்வின் பரப்பு சிறியது. இடக்கையில் கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்கள், அவற்றிலும் நுனி மட்டும். கோங்கூரா ஊறுகாயைப் பிசைவது வலக்கை. தோலுரிந்து எரிவது இடக்கை. இந்த வேலைப் பிரிவினை மட்டும் இல்லையென்றால் ஆந்திரத்தில் கிட்டார் என்றோ வழக்கொழிந்திருக்கும்.

காரணம் எளிது. உருக்குக் கம்பி பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. மெல்லிய கம்பியின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். கைபேசித் திரையைத் தவிர வேறெதையும் அழுத்தியறியாத விரல் அதன்மேல் ஏறினால் சிவக்கும், பள்ளம் விழும், சிலருக்குக் கொப்புளிக்கும். விடாமல் வாசித்தால் மேல்தோலில் கெரட்டின் திரண்டு, சில வாரங்களில் விரல் காய்த்துப்போகும். நைலான் கம்பியில் இழுவிசை பாதிதான். ஆனால் நம் பையன்களுக்கு அந்தச் சத்தம் பிடிப்பதில்லை.

பக்கத்துத் திருப்பதியில், தேவஸ்தானத்தின் இசை நடனக் கல்லூரியில் வீணை பயில்வோர் இந்தப் புலம்பலைக் கேட்டால் சிரிப்பார்கள். கிட்டாரில் கம்பியை அழுத்தினால் போதும். வீணையில் அழுத்தியபடியே பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்க வேண்டும். அந்தப் பாடு முழுவதும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் தலையில்தான். அயல்நாட்டுச் சான்றும் உண்டு. பிளாக் சாபத் குழுவின் டோனி ஐயோமிக்கு 1965இல் பர்மிங்காம் ஆலை விபத்தில் கம்பி அழுத்தும் கையின் இரண்டு விரல்நுனிகளே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நுனிக்குத் தொப்பி செய்து, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தார். இதைச் சொன்னால் மாணவர்கள் சற்று நேரம் புலம்புவதில்லை.

வைத்தியத்துக்கு வருவோம். விரலை மெட்டுக்கம்பியை ஒட்டி வைத்தால் குறைந்த அழுத்தமே போதும். கம்பி பலகையிலிருந்து மிக உயர்ந்திருந்தால் கடையில் கொடுத்து இறக்கலாம். சுருதியை அரைப்படி குறைக்கலாம். குளித்த கையோடு உட்காரக் கூடாது. ஊறிய தோல் கிழியும். ரேணிகுண்டாக் கோடை 40 டிகிரியைத் தாண்டும்போது வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும் என்பதால் கையருகே ஒரு துண்டு அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, கொஞ்சமாக, தினமும் வாசிக்க வேண்டும். திருமலைக்கு ஏறும் அலிபிரிப் பாதையின் 3,550 படிகளை வருடத்துக்கு ஒருமுறை வெறுங்காலோடு ஏறுகிறவருக்குக் கொப்புளம்தான் மிச்சம். தினம் ஏறுகிறவரின் பாதம் காய்த்துவிடும்.

இனி இவ்வாய்வின் அசல் பங்களிப்பு. ரயில்வே குடியிருப்பானாலும் தெருவீடானாலும், புதிதாகக் கிட்டார் வாங்கிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் விளக்கெண்ணெயோடு வருவார். “பாவம் கண்ணு, ராத்திரி தடவிக்கிட்டுப் படு, மெத்துன்னு ஆயிடும்” என்பார். ஆகும். அதுதான் சிக்கல். எண்ணெய் பட்ட தோல் இளகும், காய்ப்பது தள்ளிப்போகும், மறுநாள் வலி புதிதாகத் தொடங்கும், பத்தே நிமிடத்தில் கிட்டார் உறைக்குள் போகும். காய்க்காத விரல்தான் அக்கம்பக்கத்துக்கு இருக்கும் ஒரே காவல். காய்த்துவிட்டால் எஃப் கார்டு நள்ளிரவு வரை கேட்கும். அந்த அம்மா இதை அறிந்தே செய்கிறார் என்பது என் துணிபு. மறுப்போர் சான்று காட்டட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொடுத்த எண்ணெயை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம், வலக்கையால் மட்டும்.