தொடைத்தசை ஆரூடம்

மலேசியாவின் ரஹாங் சாப்பாட்டுக்கடையில் ஃபேன்டசி பிரிமியர் லீக் கால்பந்து அணி எடுக்கும் தம்பிகளுக்கு எலும்பு மருத்துவரைவிடத் துணிச்சல் அதிகம். ஆட்டக்காரர் 15 பேர், பட்ஜெட் 100 மில்லியன் பவுண்டு. பெயரருகே மஞ்சள் கொடி, ஆடும் வாய்ப்பு 75 விழுக்காடு என்றால், "ஆடிருவான்லா அண்ணே!"

2023 ஜூன் 10, சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மான்செஸ்டர் சிட்டியின் கெவின் டி புருய்ன தொடைத்தசைக் காயத்தோடு வெளியேறியதை ஊரே பார்த்தது. ஆகஸ்ட்டில் அவரையே எடுத்தார்கள். பர்ன்லியுடனான முதல் ஆட்டம், அரைமணிகூட ஆகவில்லை, மறுபடி அதே தொடை. இங்கே அப்போது சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு மேல், தூக்கமும் போச்சு. கிடைத்தது ஒரு புள்ளி. கேப்டனாக்கிய மகராசனுக்கு இரண்டு! மனிதர் திரும்பி வந்தது ஜனவரியில்.

தம்பிகளே, பெஞ்சிலாவது நடமாடுகிற நாலு பேரை வையுங்கள்.